குள்ளஞ்சாவடிக்குப் போன மெஷின்

"வியாழக்கிழமை வண்டி வருது. மெஷினத் தொடச்சி..."

"வரிசை முடியட்டும்."

"...தொடச்சி வைன்னுதான் சொல்றேன். அக்காகிட்ட..."

"வரிசை முடியட்டும்னு சொல்றேன் இல்ல? நடுவுல நிறுத்தினா..."

"...அக்காகிட்ட சொல்லியாச்சு, எழிலுக்குக் குடுத்துடறோம்னு."

"...ஊசியெல்லாம் சிக்கிக்கும்! என்னா? யாருகிட்ட என்னா சொல்லியாச்சு?"

மெஷின் மேல் ஓடும் பெட்டி சர்ரென்று ஊசிப் படுகையின் வலது ஓரத்தில் போய் நின்றது. பிரபாவதி கைப்பிடியை விட்டாள். பின்னல் மெஷினில் பாதி வரிசையில் கையை எடுப்பது வேகாத இட்லிப் பானையைத் திறக்கிற மாதிரி. எடுத்தால் போச்சு, மறுபடி ஒட்டாது. அதனால் வீட்டில் இடி விழுந்தாலும் வரிசையை முடித்துவிட்டுத்தான் நிமிர்வாள். இப்போது நிமிர்ந்தாள்.

வாசல்படி ஓரத்தில் கணவன் துரைராஜ் நின்றிருந்தார். சுரங்கத்தில் முதல் ஷிப்ட் முடிந்து வந்த கோலம். ஹெல்மெட் கையில் இருந்தது. ஹெல்மெட்டுக்கு உள்ளே போடுகிற சாம்பல் நிறப் பருத்தித் தொப்பி இன்னும் தலையில் இருந்தது.

"எழிலுக்கு எதுக்கு எம் மெஷினு?"

"சும்மாதானே இருக்கா. ஒரு கைத்தொழிலு ஆவும்."

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"இதுல கேக்க என்னா இருக்குது பிரபா? மாசக் கடைசியில ரிட்டயர்டு. குவார்ட்டர்ஸக் காலி பண்ணணும். முத்தாண்டிக்குப்பத்து வூட்டுல இதுக்கு எடம் எங்க?"

"ஹால்ல, சன்னலாண்ட."

"அங்க சோபா வருது."

"சோபாவ யாரு கேட்டா?"

"ரிட்டயர் ஆன மனுசன் எதுல ஒக்காருவான்?"

"இத்தினி வருசமா எதுல ஒக்காந்தீங்களோ, அதுல."

துரைராஜ் தொப்பியைக் கழற்றி டி.வி. மேல் வைத்தார்.

"அங்க வைக்காதீங்க, வேர்வை நாத்தம். துவைக்கப் போடுங்க. அது யாரு பின்னுனது, ஞாபகம் இருக்குதா?"

"இப்ப அதுவா பேச்சு?"

"அதான் பேச்சு. உங்க செக்‌ஷன்ல பாதித் தலையில இருக்கறது எம் மெஷின்ல ஓடுனதுதான்."

அவள் சொன்னது பொய்யில்லை. ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த நீளத்துக்கு இரும்புப் படுகை. அதில் சீப்புப் பல் மாதிரி ஊசிகள். மேலே கைப்பிடி வைத்த பெட்டி ஒன்று இடமும் வலமும் ஓடும், ஓட ஓடப் பின்னல் கீழே இறங்கும். ஹெல்மெட் தொப்பி, மார்கழிப் பனியில் முதல் ஷிப்டுக்கு வண்டி ஓட்டுகிறவர்களுக்கு மஃப்ளர், போனுக்கு உறை, பிறந்த குழந்தைக்குக் காலுறை, பெண் பிள்ளைகளுக்குத் தலைப்பட்டை என்று அந்த மெஷினில் இறங்காத சாமான் இல்லை. இப்போது இறங்கிக்கொண்டிருந்தது மணிக்கட்டுப் பட்டை. பள்ளிக்கூடத்து ஸ்போர்ட்ஸ் டேவுக்கு நாலு அணிக்கு நாலு நிறம். சிவப்பும் பச்சையும் முடிந்து மஞ்சள் பாதியில் இருந்தது.

வடக்கத்திக் குடும்பம் ஒன்று மாற்றலாகிப் போனபோது விலைக்கு விட்ட மெஷின். அம்மா வீட்டுத் தோட்டை விற்றுப் பிரபாவதி வாங்கினாள். அன்றைக்குத் துரைராஜ், "இந்த வேகாத வெயில்ல எவன்டி ஸ்வெட்டர் போடப்போறான்?" என்று சிரித்தார். ஸ்வெட்டரை அவள் தொடவே இல்லை. வெயிலிலும் மனிதனுக்குத் தலை உண்டு, மணிக்கட்டு உண்டு, கையில் போன் உண்டு என்று அவளுக்குத் தெரிந்திருந்தது.

"தோடு வித்தது யாரு?" என்று கேட்டாள்.

"நான் வேற தோடு வாங்கித் தரலியா?"

"கேட்டது அது இல்ல. கடைத் தேங்காய எடுத்து வழிப் பிள்ளையாருக்கு ஒடைக்கிறதாட்டம், எம் பொருள எடுத்து உங்க அக்கா பொண்ணுக்குத் தாரை வாக்கறீங்களே, அது எந்த ஊரு நியாயம்?"

"ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன். முதுகு வலிக்குதுன்னு நீதானே சொன்ன?"

"வலிக்குதுன்னு சொன்னேன். வேணாம்னு சொன்னனா?"

துரைராஜ் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது. உண்மையைச் சொல்லும்போது அவர் குரல் அப்படித்தான் இறங்கும்.

"இதப் பாரு. டவுன்ஷிப்புல யாரும் யாரையும் கேக்க மாட்டான். ஊரு அப்படி இல்ல. 'துரைராஜ் ரிட்டயர் ஆயி வந்துட்டான், பொண்டாட்டிக்காரி தொப்பி பின்னிச் சோறு போடறா'ன்னு பேசுவானுங்க."

"பேசட்டும். பேசற வாய்க்கெல்லாம் ஒரு உறை பின்னித் தரேன். அளவு மட்டும் கேட்டுக்கினு வாங்க."

"ஒன்கிட்ட மனுசன் பேசுவானா?"

"பேசாதீங்க. பேசினா நடுவுல வரிசை நிக்குது."

பெட்டி மறுபடி சர்ரென்று ஓடியது.

அடுத்து வந்த நாட்களில் வீட்டில் பேச்சு "சாப்பாடு வெச்சிருக்கு", "தண்ணி பிடிச்சாச்சா" என்ற அளவில் நின்றுவிட்டது. மெஷின் சத்தம் மட்டும் முன்னைவிடக் கூடுதலாகக் கேட்டது. நீலப் பட்டையும் முடியவேண்டுமே.

வியாழக்கிழமை காலையில் பிரபாவதி பெட்டியைப் படுகையின் ஓரத்துக்குத் தள்ளி மேலாகத் தூக்கிக் கழற்றினாள். பழைய துண்டில் சுற்றினாள். ஒயர் கூடையின் அடியில் வைத்தாள். மெஷின் மேல் துரைராஜின் பழைய நீல யூனிபார்ம் சட்டையைப் போட்டு மூடினாள். அனல் மின் நிலையத்துச் சாம்பல் நூலில் படியாமல் இருக்க தினமும் அப்படித்தான் மூடுவாள்.

"எங்க கிளம்பிட்ட? வண்டி வர்ற நேரம்" என்றார் துரைராஜ். அவருக்கு அன்றைக்கு இரண்டாவது ஷிப்ட்.

"மார்க்கெட்டுக்கு. மெஷின் அங்கதான் இருக்குது. உங்க வண்டி வந்தா ஏத்தி அனுப்புங்க."

"நெசமாவா?"

"நான் தடுத்தா நிக்கவா போறீங்க?"

துரைராஜுக்கு மனசு லேசானது. அவள் இறங்கி வந்துவிட்டாள் என்று நினைத்தார். சுரங்கத்தில் மலை மாதிரி நிற்கிற எந்திரத்துக்கு எந்த போல்ட் தளர்ந்தது என்று சத்தத்தை வைத்தே சொல்கிற மனுசர். வீட்டு மெஷினுக்கு ஓடுகிற பெட்டி தனியாகக் கழலும் என்பது அவருக்குத் தெரியாது. இத்தனை வருசத்தில் சட்டைக்குக் கீழே அவர் குனிந்து பார்த்ததில்லை.

மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்காரி கூடையை வாங்கிப் பார்த்துவிட்டு, "என்னாக்கா, உள்ள கல்லா வெச்சிருக்க? கையிழுக்குது" என்றாள்.

"கல்லு இல்ல. எங்க வூட்டுச் சாவி."

"இவ்ளோ கனத்துலயா சாவி?"

"பெரிய வூடு. நீ காய நிறு."

கத்தரிக்காய் வாங்கினாள். தேவையில்லாமல் பூசணிக்கீற்று ஒன்றும் வாங்கினாள். வண்டி வந்து போகட்டும் என்று பஸ்ஸுக்கு நின்று, வந்த பஸ்ஸை விட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறி வந்தாள். பெட்டி இல்லாத மெஷினை அவர்கள் எடுத்துக்கொண்டு போகட்டும். எழில்மதி ஊசிகளை எண்ணிக்கொண்டு உட்காரட்டும். பெட்டியைக் கேட்டு ஆள் வரும்போது பேசிக்கொள்ளலாம். அதுதான் அவள் போட்டு வைத்திருந்த கணக்கு.

வீட்டுக்குள் நுழைந்தால் மெஷின் இருந்த இடத்திலேயே நீலச் சட்டையைப் போர்த்திக்கொண்டு நின்றது. துரைராஜ் போனும் கையுமாக நடந்துகொண்டிருந்தார்.

"வந்துருச்சா? எப்ப வந்துச்சு? இங்க யாருமே வரலியே எழிலு... நல்லாருக்குதா? சரி, சந்தோசம்... என்னாது? பெடலா?"

போனில் எழில்மதியின் குரல் வெளியே வரைக்கும் கேட்டது. "ஆமாம் மாமா, காலால மிதிக்கறது. சூப்பரா ஓடுது. அம்மாவோட பழைய பொடவையில தலாணி உறைகூடத் தெச்சிட்டேன்."

துரைராஜ் போனை மெல்லக் கீழே இறக்கினார். மெஷினைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார்.

"பெடலுங்கறா."

"என்னாத்த அனுப்பினீங்க?"

"நான் எதையும் அனுப்பலியே!"

வாசலில் ஒரு ஸ்கூட்டி வந்து நின்ற சத்தத்திலேயே அதை ஓட்டி வந்தவளின் கோபம் தெரிந்தது. பாயிஜா. இவர்கள் பதினாறாவது பிளாக்கில் நெடுங்காலம் இருந்து, துரைராஜுக்குப் பெரிய குவார்ட்டர்ஸ் கிடைத்து இங்கே மாறியபோது, அந்தப் பழைய வீடு பாயிஜாவின் கணவன் சாதிக் அலிக்கு ஒதுக்கப்பட்டது. துரைராஜுக்கு வருகிற தபாலும் கூரியரும் இன்னும் பாதி அங்கேதான் போகும். பாயிஜா எடுத்து வைத்துப் போன் பண்ணுவாள். ஜாக்கெட்டும் ஸ்கூல் யூனிபார்மும் தைக்கிறவள்.

"எம் மெஷின் எங்கண்ணே?"

"உள்ள வாம்மா, மொதல்ல..."

"உள்ள வர்றதெல்லாம் அப்புறம். எம் மெஷின் எங்க?"

"பாயிஜா, மூச்சு வாங்குது பாரு, ஒக்காரு" என்றாள் பிரபாவதி.

"ஒக்காந்தா அழுதுருவேன்க்கா. நிக்கிறேன். காலையில புள்ளைய ஸ்கூல்ல வுட்டுட்டு அப்படியே நூல் வாங்கிக்கினு வரேன், மெஷின் இருந்த எடம் மொட்டையா கெடக்குது. இவரு நைட் ஷிப்ட் முடிச்சு வந்து போர்வையை இழுத்துப் போத்திக்கினு தூங்கறாரு. எழுப்பிக் கேட்டா, 'துரைராஜ் அண்ணன் வண்டி அனுப்பியிருந்தாரு, மெஷின் எடுக்கணும்னாங்க, குடுத்தேன்'ங்கறாரு. 'எதுக்குக் குடுத்தீங்க?'ன்னா, 'பொம்பளைங்க நீங்க பேசி வச்சிருப்பீங்கன்னு நெனச்சேன்'ங்கறாரு. பாதித் தூக்கத்துல ஒரு பக்கம் தூக்கிப் புடிச்சி ஏத்தியும் விட்டிருக்காருக்கா! நாளைக்கு என்னையே யாராச்சும் கேட்டு வந்தா என்னையும் ஏத்தி விட்டுருவாரு போல!"

பிரபாவதி கணவன் பக்கம் திரும்பினாள். "வண்டிக்காரனுக்கு எந்த அட்ரஸ் சொன்னீங்க?"

"நம்ம அட்ரஸ்தான்."

"சொல்லுங்க பாப்போம்."

"பதினாறாவது பிளா..."

மீதி உள்ளேயே போய்விட்டது. வாய் பழகிய வழியில் வண்டி போயிருக்கிறது. துரைராஜ் நெற்றியைத் தேய்த்தார்.

"தப்பு நடந்துபோச்சும்மா பாயிஜா. உம் பொருள உன்னை ஒரு வார்த்தை கேக்காம எடுத்தது தப்புதான். யாரா இருந்தாலும் கோவம் வரும்."

பிரபாவதி கூடையை டங்கென்று கீழே வைத்தாள்.

"திருப்பிச் சொல்லுங்க."

"என்னா?"

"இப்ப சொன்னீங்களே, அதை. எம் மொகத்தப் பாத்து."

"அது வேற, இது வேற பிரபா."

"எப்படி வேற?"

"அவங்க அடுத்த வூடு. நாம ஒரே வூடு."

"அப்ப அடுத்த வூட்டுக்காரியா இருந்தா என்னைக் கேட்டிருப்பீங்க."

பாயிஜா இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "என்னாக்கா? உங்களதையும் கேக்காமத்தான் குடுக்கறாரா?"

"அதுக்கு வந்த வண்டியிலதான் உன்னுது போயிருக்குது."

"நல்லாருக்குதே! ஒருத்தரு கேக்காம அனுப்பறாரு, இன்னொருத்தரு கேக்காமக் குடுக்கறாரு. நடுவுல நம்ம ரெண்டு பேரும் என்னா, மெஷினுக்கு உறையா?"

துரைராஜ் பேச்சை மாற்ற வழி தேடினார். கூடை கண்ணில் பட்டது. கத்தரிக்காய்க்கு நடுவே துண்டு விலகி இரும்பு பளபளத்தது.

"அது என்னா கூடையில?"

"மெஷினோட பெட்டி."

"அது இல்லாம மெஷின் ஓடுமா?"

"ஓடாது."

"அப்ப வண்டி சரியா இங்க வந்திருந்தா..."

"உங்க அக்கா பொண்ணுக்கு இரும்புச் சீப்பு போயிருக்கும். நல்லா நீளமா, வாரிக்க."

துரைராஜ் போனை எடுத்து நெடுமாறனைக் கூப்பிட்டார். வண்டிக்காரன்.

நெடுமாறன் வந்ததும் முதல் வார்த்தையிலேயே கையைக் கழுவிக்கொண்டான். "சார், நீங்க சொன்ன வூடு, நீங்க சொன்ன மெஷினு. எங்கிட்ட குத்தம் இல்ல. அந்த அண்ணன் கதவத் தொறந்து, 'மெதுவாத் தூக்குப்பா, பெல்ட்டு அறுந்துறப் போவுது'ன்னுகூட சொன்னாரு."

"ஏறு, ஏறு. குள்ளஞ்சாவடிக்கு வுடு" என்றார் துரைராஜ்.

"நானும் வரேன்" என்றாள் பாயிஜா. "எம் மெஷின இனி என் கண்ணு பாக்கத்தான் தூக்கணும்."

"நானும்தான்" என்றாள் பிரபாவதி. கூடையைக் கையோடு எடுத்துக்கொண்டாள்.

குள்ளஞ்சாவடியில் துரைராஜின் அக்கா ராஜாம்பாள் மோர் கரைத்து வைத்திருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சொம்பைத் திரும்ப உள்ளே கொண்டுபோய்விட்டாள்.

"குடுத்த பொருளத் திருப்பி வாங்கறதா? எங்கயாச்சும் உண்டா?"

"குடுத்தவங்களுக்கு அது சொந்தமில்லீங்களே" என்றாள் பாயிஜா.

"நீ யாரும்மா?"

"சொந்தக்காரி."

எழில்மதி நல்ல பெண். கேட்ட உடனேயே ஊசியில் இருந்த நூலை இழுத்து அறுத்து, தலையணை உறையை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "எனக்குத் தெரியாதுக்கா. மாமா ஏதோ பின்றதுன்னாரு, வந்தது தைக்கறதா இருந்துச்சு. சந்தோசத்துல கேக்கல" என்றாள். பாயிஜாவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. "தையல் நேரா வந்திருக்குது. ஒரு மெஷின் சொல்லி வாங்கிக்க" என்று மட்டும் சொன்னாள்.

ராஜாம்பாள் விடுகிற ஆளில்லை. "இது போனா போவுது. அந்தப் பின்றது எங்க? அது எப்ப வருது?"

துரைராஜ் தொண்டையைச் செருமினார். செருமல் முடிவதற்குள் பிரபாவதி பேசிவிட்டாள்.

"அது வராது அண்ணி."

"தம்பி சொன்னானே?"

"அவரு சொன்னாரு. நான் சொல்லல."

"ஆம்பள வாக்குக் குடுத்துட்டான். அதுக்கு ஒரு மதிப்பு வேணாமா?"

"வாக்கு அவரோடது, மெஷின் என்னோடது. வாக்க வேணும்னா நீங்களே வச்சிக்கங்க அண்ணி. நான் கேக்க மாட்டேன்."

"கேட்டியாடா தம்பி, ஒம் பொண்டாட்டி பேசறத?"

துரைராஜுக்கு அந்த நேரத்தில் தையல் மெஷினின் இரும்புக் காலில் ஏதோ அவசரமாகப் பார்க்க வேண்டியிருந்தது. குனிந்தவர், "நெடுமாறா, அந்தப் பக்கம் புடி" என்றார்.

பதினாறாவது பிளாக்கில் சாதிக் அலி தூக்கம் கலைந்த கண்ணோடு வாசலிலேயே நின்றிருந்தார். "மன்னிச்சிக்கங்கண்ணே" என்றார் துரைராஜைப் பார்த்து.

"என்கிட்ட எதுக்குக் கேக்கற? ரெண்டு பேரும் ஒரே குழியில வுழுந்தவங்கதான்" என்றார் துரைராஜ்.

"மன்னிப்ப இந்தப் பக்கம் கேளுங்க" என்றாள் பாயிஜா. "அப்புறம் மெஷினத் தூக்குங்க."

ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து உள்ளே கொண்டுபோனார்கள். எந்த மூலை என்று துரைராஜ் கேட்கவில்லை. பழகிய கால் நேராகச் சன்னல் பக்கம் போனது. சிமெண்டுத் தரையில் முன்பு பின்னல் மெஷினின் இரும்பு ஸ்டாண்டு அழுத்திய குழிகள் இன்னும் இருந்தன. பிரபாவதி அவற்றைப் பார்த்தாள்.

"நீயும் இங்கதான் போட்டிருக்கியா?"

"வெளிச்சம் இங்கதானேக்கா வருது."

பாயிஜா மெஷினை ஒரு தரம் மிதித்துப் பார்த்தாள். ஓடியது. அப்புறம்தான் அவள் முகத்தில் பழைய பாயிஜா வந்தாள். "அக்கா, உங்களதையும் இங்கயே கொண்டாந்து போடுங்க. எதுத்தாப்புல எடம் இருக்குது. தினம் பஸ்ஸேறி வாங்க. நான் தெக்கிறேன், நீங்க பின்னுங்க. ரெண்டு பேரும் இவங்களத் திட்டிக்கினே வேலை பாக்கலாம்."

துரைராஜின் முகம் மலர்ந்தது. "நல்ல யோசனைம்மா! அதான் சரி. இங்க இருந்தா ஊர்ல யாருக்கும்..."

நிறுத்திக்கொண்டார்.

"ஊர்ல யாருக்கும்? முடிங்க" என்றாள் பிரபாவதி.

"ஷிப்டுக்கு நேரமாச்சு" என்று துரைராஜ் சாதிக் அலியின் பைக்கை வாங்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வண்டிச் சத்தம் தெருமுனை தாண்டியதும் பிரபாவதி சொன்னாள்: "நீ மனசாரத்தான் கூப்புடற பாயிஜா. எனக்குத் தெரியுது. ஆனா எனக்குன்னு ஒரு வூடு கட்டி நிக்குது. அதை வுட்டுட்டு ஒன் வூட்டுல வந்து ஒளிஞ்சி பின்ன முடியாது."

"ஒளியறது எதுக்குக்கா?"

"நான் ஒளியறதுக்கு இல்ல. அவரு ஒளிக்கறதுக்கு." அவள் வாசலுக்கு வந்தாள். "நெடுமாறா! முத்தாண்டிக்குப்பம் வரைக்கும் ஒரு நடை வருவியா?"

"எந்த வூட்டுல ஏத்தி எந்த வூட்டுல எறக்கணும்னு இந்தத் தடவை நல்லா சொல்லிடுங்கம்மா."

"எங்க வூட்டுல ஏத்தி எங்க வூட்டுல எறக்கணும். சாவி எங்கிட்ட இருக்குது."

பாயிஜாவும் ஏறிக்கொண்டாள். புது வீட்டில் பால் காய்ச்சியதோடு சரி, யாரும் குடியேறவில்லை. ஹாலில் தெருவைப் பார்த்த ஒரே சன்னல். எதிரே முந்திரித் தோப்பு. சன்னலுக்குக் கீழே தரையில் சாக்பீஸால் நீளமாக ஒரு கட்டம். சோபாவுக்காகத் துரைராஜ் அளந்து போட்டது. நாலு மூலையும் அச்சாக இருந்தது. வேலையில் சுத்தமான மனுசர்.

"என்னாக்கா இது, பாண்டி ஆடற கட்டமா?"

"என் மெஷினுக்குப் போட்ட கட்டம். உள்ள எறக்குங்க."

மெஷின் கட்டத்துக்குள் பாந்தமாக உட்கார்ந்தது. பிரபாவதி கூடையிலிருந்து பெட்டியை எடுத்தாள். ஒட்டியிருந்த கத்தரிக்காய்க் காம்பைத் தட்டிவிட்டு, படுகையில் ஏற்றி, நீல நூலை மாட்டி ஒரு ஓட்டம் ஓட்டினாள். காலி வீட்டில் அந்தச் சர்ர் சத்தம் சுவரெல்லாம் மோதித் திரும்பி வந்தது.

சத்தம் கேட்டுச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு முகம் எட்டிப் பார்த்தது. எதிர்த்த தோப்பில் கொட்டை பொறுக்குகிற வீராயி.

"யாரு, துரைராஜூ பொண்டாட்டியா? என்னா மெஷினு இது?"

"பின்ற மெஷினு."

"என்னா பின்னுவ?"

"தலைக்குத் தொப்பி, கைக்குப் பட்டை."

"காசுக்கா?"

"காசுக்குத்தான்."

"ஏன், துரைராஜூ இனிமே சம்பாதிக்கறது இல்லியா?"

பாயிஜா பிரபாவதியைத் திரும்பிப் பார்த்தாள். துரைராஜ் பயந்த பேச்சு இதுதான். மெஷின் இரண்டாவது வரிசை ஓடுவதற்குள் வந்துவிட்டது.

"அவரு சம்பாதிச்சி முடிச்சிட்டாரு. நான் இன்னும் முடிக்கல" என்றாள் பிரபாவதி.

வீராயி கம்பிக்குள் கையை நீட்டிப் பட்டையைத் தொட்டாள். "வெயிலுக்குத் தலையில கட்டிக்கிற மாதிரி ஒண்ணு வருமா? துண்டு நழுவிக்கினே இருக்குது."

"வரும். இந்த வாரம் ஸ்கூல் பிள்ளைங்களுது முடியட்டும். அடுத்தது உனக்கு."

அன்று இரவு ஷிப்ட் முடிந்து வந்த துரைராஜ் குவார்ட்டர்ஸில் மெஷின் இருந்த இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார். "பாயிஜா வூட்டுக்குப் போயிருச்சா? ரொம்ப நல்லது" என்று தானே கேட்டுத் தானே பதிலும் சொல்லிக்கொண்டார். பிரபாவதி ரசத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தாள். அவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. அடுத்த இரண்டு நாளும் அவள் பஸ்ஸேறிப் போய்ப் பள்ளிக்கூடத்துப் பட்டைகளை முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சோபா வந்தது. பண்ருட்டிக் கடையிலிருந்து டெம்போவில் ஏற்றி, முன்னால் பைக்கில் வழிகாட்டிக்கொண்டு துரைராஜ் முத்தாண்டிக்குப்பம் வந்து சேர்ந்தார். வீட்டைப் பெருக்கிக் கழுவிவிடுகிறேன் என்று பிரபாவதி காலையிலேயே வந்திருந்தாள். தெருவில் நாலு பேர் டெம்போவைச் சுற்றி நின்றார்கள். வீராயி தலையில் புதுப் பச்சைப் பட்டை.

இரண்டு ஆட்கள் சோபாவை ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கிக்கொண்டு படியேறினார்கள். முன்னால் போன துரைராஜ் வாசல்படியில் அப்படியே நின்றுவிட்டார்.

சாக்பீஸ் கட்டத்துக்குள் மெஷின் நின்றது. மெஷினுக்குப் பின்னால் பிரபாவதி.

"இது... பாயிஜா வூட்டுக்குப் போச்சுன்னு நெனச்சேன்" என்றார் மெதுவாக.

"நெனச்சீங்க. கேக்கல."

"தெருவே நின்னு பாக்குது பிரபா. இதை உள்ரூமுக்குத் தள்ளிட்டா..."

"வரிசை முடியட்டும்."

"சார், கை நழுவுது" என்றான் சோபாவின் பின்முனையைப் பிடித்திருந்தவன். "இதை எங்க வைக்கறது, சொல்லுங்க."

துரைராஜ் சன்னலைப் பார்த்தார். தெருவைப் பார்த்தார். ஹாலில் வேறு சுவர்கள் இருப்பதே இப்போதுதான் கண்ணில் பட்டது போல ஒவ்வொன்றாகப் பார்த்தார். சோபாவின் பிளாஸ்டிக் உறை நிலைப்படியில் உரசிக் கிறீச்சிட்டது.

பெட்டி சர்ரென்று ஓடி வலது ஓரத்தில் போய் நின்றது. பிரபாவதி கைப்பிடியை விட்டு நிமிர்ந்தாள்.

"என்னைக் கேளுங்க. கேட்டா எடம் சொல்றேன்."